மதுரையிலிருந்து விமானம்: தூரம், பறக்கும் நேரம், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 418 கிலோமீட்டர். கொழும்புக்குப் போகிறவர்கள் இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 354 கிலோமீட்டர்தான். சென்னையைவிடக் கொழும்பு பக்கம். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், சென்னைக்காரர் கிண்டியில் சாப்பிட உட்காரும்போது கொழும்புக்காரர் பெல்ட்டில் பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல்முறை பறக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் "1 மணி 20 நிமிடம்" என்று இருப்பதைப் பார்த்து அதுதான் பயணம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் தொடங்கி விமானம் ரத்தாகும் நாள்வரை, எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சரியான விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

மதுரை ரயில் நிலையத்தின் குறியீடு எம்.டி.யு. அதையே விமான டிக்கெட் தளத்தில் அடித்தால் பப்புவா நியூ கினியில் உள்ள மெண்டி என்ற ஊர் வரும். மதுரை விமான நிலையத்தின் குறியீடு ஐ.எக்ஸ்.எம். சென்னைக்கு எம்.ஏ.ஏ. திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. கடைசி இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பணம் கட்டுவதற்கு முன் குறியீட்டையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே படியுங்கள்.

எந்த ஊருக்கு நேரடி விமானம் உண்டு என்பதை உறவினர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விமான நிறுவனங்களின் அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆகஸ்டில் இருந்த விமானம் நவம்பரில் இல்லாமல் போகலாம், நேரமும் மாறலாம். இந்தத் தேதிகளைத் தாண்டி முன்கூட்டியே டிக்கெட் போட்டிருந்தால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு நேரத்தை மறுபடி பாருங்கள்.

2. தூரத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

இது கட்டாயமில்லை. ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்தால், நாலு மணி நேரத் தடத்தில் பதினோரு மணி நேர டிக்கெட்டை யாராவது தலையில் கட்டும்போது உடனே உறைக்கும்.

மதுரை விமான நிலையம்: அட்சரேகை 9.83, தீர்க்கரேகை 78.09. சென்னை: 12.99, 80.17. அட்சரேகை வித்தியாசம் 3.16, ஒரு பாகை 111 கிலோமீட்டர், ஆக 351 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 2.08; நம் பகுதியில் இதை 111-ஆல் பெருக்கி 0.98-ஆலும் பெருக்க வேண்டும், ஆக 226 கி.மீ. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418-க்குப் பக்கத்தில் வரும். பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ்தான்.

பக்கத்து ஊர்களுக்கு இது போதும். துபாய், சிங்கப்பூர் தூரத்துக்குப் பூமியின் வளைவைச் சேர்க்க வேண்டியிருப்பதால் இந்தக் கணக்கு பிசகும். மதுரையிலிருந்து நேர்கோட்டுத் தூரங்கள், தோராயமாக:

- பெங்களூரு 377 கி.மீ.
- ஹைதராபாத் 825 கி.மீ.
- மும்பை 1,170 கி.மீ.
- டெல்லி 2,085 கி.மீ.
- துபாய் 2,950 கி.மீ.
- சிங்கப்பூர் 3,015 கி.மீ.

சென்னைக்குச் சாலை வழியாக 460 கிலோமீட்டர் போல, ரயில் பாதையில் 490-க்கு மேல். விமானமும் துல்லியமான நேர்கோட்டில் போவதில்லை. கிளம்பும் ஓடுபாதையின் திசைக்கு ஏற்பத் திரும்பி, வான்வழித் தடத்தில் சேர்ந்து, இறங்கும் இடத்தில் வரிசைக்காகச் சுற்றி வரும். அதனால் சில பத்து கிலோமீட்டர் கூடும்.

3. பறக்கும் நேரத்தை மதிப்பிடுங்கள்

ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானமா, ஏ.டி.ஆர். எனப்படும் இறக்கைச் சுழலி வைத்த சின்ன விமானமா என்று டிக்கெட்டில் போட்டிருப்பார்கள். ஜெட் என்றால் தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏ.டி.ஆர். என்றால் 480-ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டுங்கள். அந்தக் கூட்டல், ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது ஆகியவற்றுக்கானது.

சென்னைக்கு ஜெட்டில் ஒரு மணி நேரம், ஏ.டி.ஆரில் 1 மணி 17 நிமிடம். டெல்லிக்கு 3 மணி 6 நிமிடம். துபாய்க்கு 4 மணி 10 நிமிடம். சிங்கப்பூருக்கு 4 மணி 15 நிமிடம். டிக்கெட்டில் இதைவிடப் பத்து இருபது நிமிடம் அதிகமாகப் போட்டிருப்பார்கள். காரணம் எளிது: டிக்கெட்டில் உள்ளது கிளம்பும் இடத்தில் சக்கரம் நகரத் தொடங்குவதிலிருந்து போய் நிற்பதுவரை உள்ள நேரம். நெரிசலுக்கென்று கொஞ்சம் தாராளமும் அதில் சேர்ந்திருக்கும். அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடத் தாமதத்தில் போய்ச் சேருவது அதனால்தான். விமானி விரட்டி ஓட்டியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

4. டிக்கெட்டில் உள்ள மணியைச் சரியாக வாசியுங்கள்

கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் மணி. சேரும் நேரம் சேரும் ஊரின் மணி. உள்நாட்டிலும் இலங்கைக்கும் வித்தியாசம் இல்லை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

பகல் 12 மணிக்கு மதுரையில் ஏறினால் துபாய் மணிப்படி 2:40-க்கு இறங்குவீர்கள். கழித்துப் பார்த்தால் இரண்டே முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தது நாலு மணி நேரத்துக்கு மேல். திரும்பி வரும்போது ஐந்தரை மணி நேரம்போலத் தெரியும்.

இதைவிடப் பெரிய பள்ளம் நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் "15-ஆம் தேதி 00:10" என்று இருந்தால், 14-ஆம் தேதி சாயங்காலமே சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இரவு 12 முதல் 3 மணிவரை உள்ள எந்த டிக்கெட்டாக இருந்தாலும், "14 இரவு கிளம்பணும்" என்று காலண்டரில் பேனாவால் எழுதி வையுங்கள்.

5. பெயரையும் ஆவணங்களையும் பொருத்துங்கள்

நம்மூர்க்காரர்களுக்கு அதிகத் தொல்லை தருவது இன்ஷியல். டிக்கெட் தளம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். உள்நாட்டுப் பயணம் என்றால் ஆதாரில் உள்ளபடி நிரப்புங்கள். ஆதாரில் "கார்த்திகேயன் முருகன்" என்று இருந்தால் அப்படியே, "எம். கார்த்திகேயன்" என்று சுருக்க வேண்டாம். வெளிநாடு என்றால் கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதேபோல, ஓர் எழுத்து மாறாமல்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக உள்ளவர்கள் நம்மில் ஏராளம். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு விதமாக நிரப்பச் சொல்லும், எனவே டிக்கெட் போடும் முன்பே அவர்களின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுவிடுங்கள். துபாய், அபுதாபி, ஷார்ஜாவுக்குச் சுற்றுலா அல்லது விசிட் விசாவில் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டை ஏற்க மாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுத்து வையுங்கள்.

உள்நாட்டுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்றின் அசல் போதும். ஜெராக்ஸ் செல்லாது. வாட்ஸ்அப்பில் இருக்கும் ஆதார் போட்டோவும் செல்லாது. அரசு செயலியில் திறந்து காட்டும் ஆதார் செல்லும். கைக்குழந்தைக்கு டிக்கெட் போட்டிருந்தால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வயது முடியவில்லை என்று நிரூபிக்கத்தான்.

வெளிநாட்டுக்குக் கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். விசா, திரும்பும் டிக்கெட், தங்கும் இட முகவரி ஆகியவற்றைத் தாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் இறங்கும் இடம் எப்போதும் குடியேற்ற கவுன்ட்டர்தான். சிங்கப்பூருக்கு விசா தனி, வருகை அட்டை தனி. வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

6. கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இதுதான் மொத்தக் கட்டுரையிலும் முக்கியமான இடம். காலை 10:00 மணிக்குச் சென்னை விமானம், வீடு மதுரை கே.கே. நகரில் என்று வைத்துக்கொள்வோம்.

10:00-க்குச் சக்கரம் நகரும். 9:35-க்குக் கேட் மூடும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு 25 நிமிடக் கணக்கு. 9:00-க்கு லக்கேஜ் கவுன்ட்டர் மூடும். உள்நாட்டில் இந்த 60 நிமிடம் கறார்; 9:01-க்குக் கெஞ்சினாலும் கணினி பூட்டியிருக்கும். கவுன்ட்டர் வரிசை, வாசலில் அடையாள அட்டை சோதனை இரண்டுக்கும் 45 நிமிடம் ஒதுக்கினால் 8:15-க்கு வாசலில் நிற்க வேண்டும். சாலைக்கு 45 நிமிடம். ஆக 7:30-க்கு வீடு பூட்ட வேண்டும்.

11:20-க்குச் சென்னையில் இறங்கி, பெட்டி எடுத்து, மெட்ரோ ஏறிக் கிண்டி சேர 12:15 ஆகிவிடும். மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை.

மதுரையிலிருந்து எழும்பூருக்கு தேஜஸ் ரயில் ஆறேகால் மணி நேரம் போல எடுக்கும், வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல். வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து வீடு என்று சேர்த்தால் விமானத்தில் மிச்சமாவது இரண்டரை மூன்று மணி நேரம். போகிற இடம் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் என்றால் அதுவும் சுருங்கும், ஏனெனில் பல ரயில்கள் தாம்பரத்திலேயே நிற்கும். பெட்டி இரண்டு, கூட வயசானவர்கள், அவசரம் இல்லை என்றால் ரயிலே மேல்.

வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வாசலில் இருக்க வேண்டும். கவுன்ட்டர் 60 முதல் 75 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். கொழும்புக்குச் சாலை 45 நிமிடம், காத்திருப்பு 3 மணி, பறப்பது 1 மணி, அங்கே குடியேற்றமும் பெட்டியும் முக்கால் மணி என்று ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். இதற்கு மேல், கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு நகரம் 30 கிலோமீட்டருக்கு மேல்.

சாலையைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். விமான நிலையம் மதுரை ஜங்ஷனிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். வில்லாபுரம், அவனியாபுரம் வழி கிட்டம், ஆனால் காலையிலும் மாலையிலும் நெரியும். திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் கப்பலூரில் திரும்பி ரிங் ரோட்டைப் பிடியுங்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தால் விரகனூரில் ரிங் ரோடு. தேனிக்காரர்கள் இரண்டே கால் மணி நேரமாவது சாலைக்கு ஒதுக்குங்கள், ராமநாதபுரத்துக்காரர்கள் மூன்று.

வருடத்தில் சில நாள் இந்தக் கணக்கே குலையும். தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள், எங்கிருந்து வந்தாலும் ரிங் ரோடுதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அதற்கு முந்தைய இரவிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக வண்டி நகராது. ஆற்றுக்கு வடக்கே குடியிருப்பவர்கள் மாட்டுத்தாவணி பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். போகி அன்று காலையில் சென்னையில் புகைமூட்டத்தால் விமானம் இறங்கச் சிரமப்பட்ட வருடங்கள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்கு அதிகாலை விமானம் போட்டால் பனிமூட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

7. பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள்

உள்நாட்டில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. மேலே போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் கவுன்ட்டரில் வாங்கும் தொகை, முன்கூட்டியே ஆன்லைனில் கட்டுவதைவிட அதிகம். ஏ.டி.ஆர். விமானத்தில் தலைக்கு மேல் உள்ள பெட்டி அறை சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டி நுழையாது, படியருகே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். நகை, மருந்து, சாவி மூன்றையும் அதற்குள் வைக்காதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணிவரை. சாதாரண 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான், பயமில்லை. ஆனால் மேலே எண் அழிந்துபோன பழையதைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். தீப்பெட்டி, லைட்டர் எதிலும் கூடாது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். கோயிலில் வாங்கிய முழுத் தேங்காயையும் கைப்பையில் விட மாட்டார்கள். சபரிமலை சீசனில் இருமுடிக்கு மட்டும் தற்காலிக விலக்கு தந்திருக்கிறார்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் திரவம் எதுவும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. பாட்டிலில் அடைத்த ஜிகர்தண்டா வாசலோடு சரி.

8. சென்னையில் மாறிப் போவதாக இருந்தால்

ஒரே பி.என்.ஆரில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். விலையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் வெளிநாட்டு டிக்கெட் முழுவதையும் இழப்பது இப்படித்தான். தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி வரிசையில் நின்று பெட்டியைப் போட வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் குறைந்தபட்சம். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஆறு மணி நேரம் விடுங்கள்.

இன்னொரு வழி திருச்சி. மதுரையிலிருந்து சாலையில் 135 கிலோமீட்டர் போல, இரண்டரை மணி நேரம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் தடங்களில் அங்கே வாய்ப்பு அதிகம். மேலூர்க்காரர்களுக்குச் சென்னை போய் மாறுவதைவிடத் திருச்சி சுலபம், டாக்ஸி வாடகையைச் சேர்த்தாலும்கூட.

9. தாமதமானால், ரத்தானால்

டிக்கெட்டில் உள்ள பயண நேரம் இங்கே பணமாகிறது. டி.ஜி.சி.ஏ. எனப்படும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பயண நேரம் இரண்டரை மணிவரை உள்ள விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் விமான நிலையத்தில் காத்திருப்பவருக்குச் சாப்பாடு தர வேண்டும். அதற்கு மேல் ஐந்து மணிவரை உள்ள பயணத்துக்கு அது மூன்று மணி நேரத் தாமதம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. பயண நேரம் ஒரு மணிவரை என்றால் 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணிவரை 7,500, அதற்கு மேல் 10,000; அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. பெங்களூருக்கு 55 நிமிடம் என்று போட்டிருக்கிறதா, 1 மணி 15 நிமிடம் என்றா என்பது இங்கேதான் முக்கியமாகிறது. புயல், பனி போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

நீங்களாக ரத்து செய்தால், "பணம் திரும்பாது" என்று போட்ட டிக்கெட்டாக இருந்தாலும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்டவர்கள் அந்தத் தொகையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. டிக்கெட், போர்டிங் பாஸ், தாமதக் குறுஞ்செய்தி மூன்றையும் படம் பிடித்து வைத்து, புகாரை முதலில் நிறுவனத்துக்கும், பதில் வராவிட்டால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியிலும் பதியுங்கள். பி.என்.ஆர். எண்ணும் டிக்கெட்டில் அச்சான பயண நேரமும் இல்லாத புகார் திரும்பி வந்து அதையே கேட்கும்.